1994ல் எடுத்த ஒரு படம்

காரவாஜியோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த படம் ஒன்று. புனித மத்தேயுவின் கையைப் பிடித்து ஒரு தேவதை எழுத வைக்கிறது. நான் பார்த்தது கறுப்பு வெள்ளையில். கலரில் கிடைப்பதெல்லாம் பிற்காலத்தில் யாரோ ஊகித்துப் பூசியது. போருக்குப் பயந்து பெர்லினில் ஒரு விமான எதிர்ப்புக் கோபுரத்துக்குள் ஓவியங்களை வைத்திருந்தார்கள். 1945 மே மாதம் அங்கே தீப்பிடித்தது. 400க்கும் மேற்பட்ட ஓவியங்கள் போயின, இதுவும் சேர்த்து. மிச்சம் பழைய போட்டோ மட்டும்தான்.

நம்ம காவிரிக் கரையில் கதை வேறு. படை வருகிறது என்றால் ஐம்பொன் சிலைகளை மண்ணுக்குள் புதைத்து விடுவார்கள். இன்றும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சில வெளியே வருகின்றன. போருக்குத் தப்பிய சாமிகள், சண்டையே இல்லாத காலத்தில் கப்பலேறிப் போனதுதான் கொடுமை!

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது ஸ்ரீபுரந்தான். அந்த ஊர் நடராஜரை 2006ல் திருடினார்கள். 2008ல் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியது. கூடவே ஒரு காகிதம்: சிலை 1970 வாக்கிலேயே டெல்லியில் விலைக்கு வாங்கப்பட்டதாம். அதாவது நம்முடைய 1972 தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே! எவ்வளவு கணக்காகப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

அந்தப் பொய்யை உடைத்தது ஒரு போட்டோ. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் 1956லிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறது. லட்சத்துக்கும் மேல் படங்கள். அதில் 1994ல் எடுத்த ஒன்றில், ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் இதே நடராஜர்! 1970லேயே டெல்லியில் விலை போனவர் 1994ல் இங்கே எப்படி நிற்பார்?

இதே மாதிரி இன்னொரு சிலை இருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் தனி. போட்டோதான் அதன் கைரேகை. 2014 செப்டம்பர் 5ல் நடராஜர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஒரு சின்ன அம்மன் இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்பே காணாமல் போய்விட்டது. புகார் கொடுக்கப் போனவர்களிடம் முதலில் கேட்டது, "போட்டோ இருக்கா?" இல்லை. அப்பாயிக்கு மட்டும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது, இடுப்பை லேசாக வளைத்து நிற்குமாம். உலகத்தில் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அம்மன் நின்றாலும், அது எங்களுடையது என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் கிடையாது.

பெர்லின் ஓவியத்துக்குப் படம் வெறும் நினைவு. நம் சாமிகளுக்கு அது திரும்பி வரும் வழி. இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஊருக்குப் போனால் அர்ச்சகரிடம் கேட்டு, முன்பக்கம், பின்பக்கம், பீடம், உடைந்த இடம் எல்லாம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் மறக்காமல் எழுதுங்கள். ஸ்ரீபுரந்தானில் ஜெயித்தது அந்தத் தேதிதான்.