மூன்று விரல் பேடு

கோழி வளர்ப்பு எனக்குப் புதிய விடயம் அல்ல. விசுவமடுவில் எங்கள் வளவில் எந்த நேரமும் இருபது, இருபத்தைந்து ஊர்க்கோழிகள் நின்றன. எதை அடை வைப்பது, எதைக் கறிக்குப் பிடிப்பது என்று முடிவு செய்வது அம்மாதான். ஒழுங்காக அடை கிடக்கிறதா, பருந்தின் நிழல் விழுந்ததும் குஞ்சுகளைச் செட்டைக்குள் கூட்டுகிறதா, பொழுதுபடத் தானாகவே மரத்தில் ஏறுகிறதா என்பவைதான் அவவின் அளவுகோல். நிறத்தை அவ பொருட்படுத்துவதில்லை. வெள்ளையை மட்டும் வேண்டாம் என்பா. பற்றைக்குள் நின்றாலும் வெள்ளைக் குஞ்சுதான் பருந்தின் கண்ணில் முதலில் படும்.

2009 ஜனவரியில் நாங்கள் வெளிக்கிட்டபோது கூட்டைத் திறந்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு, ஷெல் துண்டு பட்டு என் இடது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் போய்விட்டன. இந்தக் கதைக்கு அது தேவை என்பதால் சொல்கிறேன். மற்றவை உங்களுக்கும் தெரிந்தவைதான்.

2011 இல் மகனுடன் இங்கிலாந்துக்கு, கணவரிடம் வந்து சேர்ந்தேன். தெற்கே சசெக்ஸ் பகுதியில் ஒரு சிறு பட்டினம். அவருக்கு இரவு வேலை, மகனுக்குப் பாடசாலை, எனக்கு நாலு சுவர். வெளியில் போனால் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படிப் போனது.

2013 இல் எங்களுக்கு ஒரு தோட்டத் துண்டு கிடைத்தது. இங்கே நகரசபைகள் மரக்கறி பயிரிடக் குறைந்த வாடகைக்கு இப்படித் துண்டுகள் கொடுக்கும். 1950 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அந்தத் துண்டில் பேட்டுக்கோழியும் முயலும் வளர்க்கலாம், வியாபாரத்துக்கு அல்ல. சேவலுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கூவும் அல்லவா!

பக்கத்துத் துண்டில் எண்பது வயதுக் கிழவர் ஒருவர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவரை நான் ஐயா என்றே எழுதுகிறேன். அவருடைய கோழிகள் பெரியவை, வெள்ளை நிறம், வாலும் செட்டையின் ஓரமும் கறுப்பு. கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட தூவிகள், மாலை போட்ட மாதிரி. பேடு 3 கிலோவுக்கு மேலே நிற்கும், சேவல் 4 கிலோவுக்கு மேலே. லைட் சசெக்ஸ் என்ற இனம். அந்த ஊர்ப் பெயரையே தாங்கியது. முன்னொரு காலத்தில் இந்தப் பகுதியில் கோழிகளைக் கொழுக்கவைத்து லண்டன் சந்தைக்கு அனுப்பினார்களாம். வேலி ஓரம் நின்று நான் பார்ப்பதைக் கண்டவர் ஒருநாள் ஒரு பேட்டைத் தூக்கி என்னிடம் நீட்டினார். வாங்கக் கை நீட்டியபோதுதான் என் கையை அவர் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

கோழியைக் கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் பிடிக்கும் பிடி வேறு. நாங்கள் பிடிப்பதுபோல் செட்டையில் தூக்கக் கூடாது. உள்ளங்கை நெஞ்செலும்பின் கீழே இருக்க வேண்டும். சுட்டுவிரல் இரண்டு கால்களுக்கும் நடுவில், பெருவிரலும் நடுவிரலும் வெளிப்பக்கத்தில், தலை எங்கள் முழங்கைப் பக்கம். மற்றக் கையால் செட்டையை விரித்துப் பார்க்கலாம். கால்களைப் பிடிக்க என்னிடம் மிஞ்சிய மூன்று விரலும் போதும். பாரத்தைத் தாங்கத்தான் மற்ற இரண்டும் வேண்டும். நான் முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பிடித்துப் பார்த்தேன். பேடு அசையாமல் இருந்தது. ஐயாவும் அடுத்த முறை அப்படியே பிடித்துப் பார்த்தார், தன் மூட்டுவலிக்கு அது சுகம் என்றார்.

கோழிக்கும் ஒரு தரப் புத்தகம் உண்டு என்பதை அவரிடம்தான் அறிந்தேன். இங்கிலாந்தில் முதல் புத்தகம் 1865 இல் வந்ததாம். பிறகு 1877 இல் கோழிச் சங்கம் உருவாகி இன்றுவரை அதைக் கவனிக்கிறது. ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதி, 100 புள்ளிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். லைட் சசெக்ஸ் என்றால் முதுகு அகலமாய், தட்டையாய் இருக்க வேண்டும். கொண்டை ஒற்றையாய், நேராய். கால் வெள்ளை, காலில் தூவி முளைக்கக் கூடாது. ஒவ்வொரு காலிலும் நாலு விரல். கழுத்துத் தூவி ஒவ்வொன்றிலும் நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி முழுவதும் வெள்ளைக் கரை. இந்தக் கரைதான் எல்லோரையும் அழவைக்கும். நுனியில் கறுப்பு வழிந்துவிட்டால் கழுத்து அழுக்குப்போலத் தெரியும்.

ஐயா என்னைச் சும்மா பார்க்கச் சொன்னார். முதலில் தூரத்தில் நின்று உருவம். நிறத்தை முதலில் பார்ப்பவன் ஏமாறுவான் என்பார். பிறகுதான் கையில் எடுத்து, நெஞ்செலும்பு நேரா என்று தடவி, கண்ணைப் பார்த்து, வாலடியில் பேன், செள் உண்டா என்று தூவியை விலக்கி, கடைசியில் விரல்களை எண்ணுவது. ஒரு வருடம் நான் வேறொன்றும் செய்யவில்லை. என் ஆங்கிலமும் அந்தக் கூட்டடியில்தான் வளர்ந்தது.

2015 இளவேனிலில் அவருடைய முட்டைகளை என் துண்டில் அடை வைத்தோம். 21 ஆம் நாள் 11 குஞ்சுகள். ஐந்து மாதமானபோது ஒரு தாளை நடுவில் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் வைத்திருப்பவை, மறுபக்கம் கழிப்பவை. சேவலில் ஒன்று, பேட்டில் இரண்டு போதும் என்றார்.

என்னால் முடியவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆட்களைப் பிரித்த வரிசையில் நானும் நின்றவள். பேனையை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"உமக்கு விசரே? கோழியெல்லோ அது" என்றார் என் கணவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, தேத்தண்ணி போடட்டே?" என்றார்.

அடுத்த கிழமை ஐயா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேவல்களை அவர் அங்கேதான் வைத்திருந்தார், கூவினால் கேட்க அயலவர் இல்லாத இடம். இனப்பெருக்கக் கூட்டில் ஒரு வயதான பேடு. வலது காலில் மூன்றே விரல். கம்பிக்குள்ளால் நரி இழுத்ததில் ஒன்று போனதாம். அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆனால் தன்னிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்த தாய் அதுதான் என்றார். நரி கடித்த விரல் முட்டைக்குள் போவதில்லை. அவளுடைய குஞ்சு ஒவ்வொன்றுக்கும் நாலு விரல். என் 11 குஞ்சுகளில் நான்கு அவளுடையவை என்று அப்போதுதான் சொன்னார்.

பிறகு இன்னொரு இளம் பேட்டைக் காட்டினார். பார்க்க அவ்வளவு வடிவு. கொண்டையின் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு முளை. அதை வெட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் முட்டைக்குத் தெரியும் என்றார். பிறவியில் வந்தது பிள்ளைக்கும் போகக் கூடியது. அதை அவர் இனப்பெருக்கக் கூட்டில் விடவே இல்லை. முட்டைக்காக வேறொருவருக்குக் கொடுத்தார்.

திரும்பி வந்து தாளை எடுத்து எழுதினேன். எட்டுக் கழிந்தன. பேடுகள் மூன்று அயல் துண்டுக்காரருக்கு முட்டைக்குப் போயின. சேவல்கள் ஐந்தும் சட்டிக்கு. ஐயா அறுத்துத் தந்தார், நான் கறி வைத்தேன். பாணுடன் சாப்பிட்டு, வியர்க்க வியர்க்க இன்னும் கேட்டார்.

எந்தக் கோழிக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும், சகோதரிகளே. சேவலையும் பேட்டையும் சேர்க்கும்போது இரண்டுக்கும் ஒரே குறை இருக்கக் கூடாது. கழுத்தில் கறுப்புக் கூடிய சேவலுக்குக் கறுப்புக் குறைந்த பேடு. ஒடுங்கிய முதுகுக்கு அகன்ற முதுகு. குறையே இல்லாத கோழியைத் தேடிக்கொண்டிருந்தால் கூடு வெறுமையாகவே கிடக்கும். ஊர்க்கோழியிலும் இப்படித்தான். முட்டை நன்றாய் இட்டும் அடை கிடக்காத பேட்டுக்கு, நல்ல அடைக்கோழியின் மகனைச் சேருங்கள். இன்னொன்று, லைட் சசெக்ஸ் பேட்டுக்கு றோட் ஐலண்ட் றெட் சேவலை விட்டால், பொரித்த அன்றே பேட்டுக்குஞ்சு மண்ணிறமாகவும் சேவற்குஞ்சு வெளிறிய மஞ்சளாகவும் தெரியும். கண்காட்சிக்கு அது உதவாது, முட்டைக்கு வளர்ப்பவர்களுக்கு நல்ல உதவி.

2016 நவம்பரில் மூன்று விரல் பேட்டின் மகளை முதல்முறையாகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். வெயிலும் மஞ்சள் சோளமும் வெள்ளைத் தூவியை மஞ்சளாக்கும் என்று கோடை முழுவதும் நிழலில் வைத்திருந்தேன். இரண்டு நாளுக்கு முதல் சவர்க்கார நீரில் முழுக்காட்டி, இரண்டு முறை அலசி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் காயவைத்தேன். மகன் சிரித்த சிரிப்பு! கால் செதில்களுக்குள் இருந்த ஊத்தையைப் பல்லுக்குத்தும் குச்சியால் எடுத்தேன்.

ஒரு மண்டபம் நிறையக் கம்பிக் கூடுகள். நடுவர் என் பேட்டை எடுத்தார், செட்டையை விரித்தார், விரல்களை எண்ணினார். ஏழு பேடுகளில் மூன்றாவது. அங்கே முதலாவதுக்குச் சிவப்பு அட்டை, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள். முதுகு நன்று, கழுத்தின் அடியில் கரை தெளிவில்லை என்றார். எனக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதுதான் அன்று சந்தோசம். அடுத்த வருடம் அவளுடைய தங்கைக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது.

பிறகு நடுவருக்குப் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதும் வேலை தந்தார்கள். நடுவராவதற்குப் பரீட்சைகள் உண்டு, இனம் இனமாகப் படிக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு கூட்டில் விரல் இழந்த பேடு ஒன்று வந்தது. நடுவர் தள்ளிவைத்தார், நானே அதை எழுதினேன். பிறகு சொந்தக்காரியான சிறுபெண்ணைத் தேடிப் போய், பிறவியா, காயமா என்று கேட்டேன். கதவில் நசிந்ததாம். அப்படியென்றால் இதை அடை வை என்று சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். பைக்குள் வைக்க எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஐயா இப்போது இல்லை. அவருடைய சேவல்களை அவருடைய மருமகன் பராமரிக்கிறார், மாசியில் எனக்கு ஒன்றை விடுவார், அந்த நேரம் பேடுகளை அங்கே கொண்டுபோவேன். 2021 இன் இறுதியிலும் 2022 இன் இறுதியிலும் பறவைக் காய்ச்சலால் கோழிகளை உள்ளே அடைத்துவைக்கச் சொல்லிவிட்டார்கள், கண்காட்சிகளும் நின்றன. 2024 ஒக்ரோபரிலிருந்து இங்கே ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் பதிய வேண்டும். பதிந்திருக்கிறேன்.

இந்த முறை பொரித்தவை ஒன்பது. இன்னும் சில கிழமைகளில் பிரிக்க வேண்டும். நடுவில் கோடு போட்ட தாளைக் கூட்டுக் கதவில் செருகி வைத்திருக்கிறேன்.