ஊமையான மடிக்கணினி



2003ஆம் ஆண்டில், அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் மலேசியப் பள்ளிகளில் தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பயிற்சிக் கல்லூரியை முடித்து நான் அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்தேன். கணினியைத் துண்டில் சுற்றிப் பாதுகாத்த தலைமுறை எங்களுடையது. "தொடாதே" என்பதே மாணவருக்கு நாங்கள் சொன்ன முதல் கணினிப் பாடம். திட்டம் போய்விட்டது, அந்தச் சொல் மட்டும் என் நாவை விட்டுப் போகவில்லை.

2023இல் ஒரு காலைப் பொழுது. நான்காம் ஆண்டு மாணவருக்குக் கேட்டல் பாடம். பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி தம் இளமைக் காலத்தைச் சொல்ல, நானே பதிவு செய்து வைத்திருந்தேன். ஒலிப்பதிவை ஓடவிட்டால் சத்தமே இல்லை. திரையின் அம்புக்குறியோ, யாரோ பிடித்து இழுப்பதுபோல் மூலைக்கு மூலை ஓடியது. முதல் நாள் அந்தக் கணினியை ஆசிரியர் அறைக்குத் தூக்கி வந்தவன் முன்வரிசையில் அமர்ந்திருந்தான். வகுப்பே பார்க்க, "என்ன செய்தாய்? எங்கே போட்டாய்?" என்று கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலைக்குனிவையே நான் விடையாக எடுத்துக்கொண்டேன்.

மாலையில் வீட்டில் பொறுமையாகப் பார்த்தேன். ஒலி அளவு முழுமையாக இருந்தது. ஒலி அமைப்பைத் திறந்தபோது, ஹெட்ஃபோன் வழியாக ஒலி செல்வதாகக் காட்டியது, ஹெட்ஃபோனோ செருகப்படவில்லை! அதைச் செருகும் துளைக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. முனை உள்ளே போனால் அது விலகும். கணினி உடனே ஒலிபெருக்கியை அடக்கிவிடும். முனையை உருவிய பிறகும் தகடு விலகியபடியே சிக்கிக்கொண்டால், இல்லாத ஹெட்ஃபோனுக்கே ஒலி போய்க்கொண்டிருக்கும். ஐந்தாறு முறை செருகி உருவியதும் பாட்டியின் குரல் கணீரென்று வந்தது. முந்தைய இரவு ஹெட்ஃபோனில் அப்பதிவைக் கேட்டுவிட்டு, அவசரமாக உருவியது யார்? நான்தான்.

அம்புக்குறி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினேன். தொடுதளத்தை உலர்ந்த துணியால் துடைத்தேன். தனி மவுஸ் ஒன்றை இணைத்தேன். அப்போதும் அம்பு ஓடியது. தொடுதளத்தின் இயக்கத்தையே நிறுத்தி வைத்ததும் அடங்கியது. ஆக, கோளாறு அங்கேதான். விரலால் தடவிப் பார்த்தால், தொடுதளத்தின் ஓரம் ஓர் அரிசி கனத்துக்கு மேலெழும்பியிருந்தது. சமமான மேசையில் வைத்தால் கணினி ஆடியது. அடியிலிருந்த மின்கலம் உப்பி, தொடுதளத்தைக் கீழிருந்து அழுத்திக்கொண்டிருந்தது.

பெற்றோரும் இதைக் கவனியுங்கள். லித்தியம் மின்கலத்தின் உள்ளே வாயு சேர்வதால்தான் அது உப்புகிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது; மேற்கொண்டு மின்னேற்றமும் செய்யக்கூடாது. தீப்பற்றும். நான் உடனே அணைத்து, மறுநாள் கடையில் கொடுத்து மாற்றினேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "இரவு பகலாகச் சார்ஜில் போட்டே வைப்பீர்களா, டீச்சர்?" ஆம், பல ஆண்டுகளாக. வெப்பமும் ஓயாத மின்னேற்றமும் மின்கலத்தை விரைவில் முதுமையாக்கும் என்றார். கீழே விழுந்த தடயம் எங்கும் இல்லை.

வகுப்பின் முன் கேட்ட கேள்விக்கு, வகுப்பின் முன்தானே மன்னிப்புக் கேட்கவேண்டும்? கேட்டேன். தவறு என்னுடையது என்று காரணத்தோடு சொன்னேன். "பரவாயில்லை டீச்சர்" என்றான். பாட்டியின் கதையைக் கேட்டு எல்லாருடனும் சிரித்தான். எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஆனால், பாடம் முடிந்து, "இதை எடுத்து வருகிறாயா, ஐயா?" என்று நான் கேட்டபோது, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இரண்டு வாரம் நானே தூக்கினேன். அதன்பின் ஒருநாள், யாரும் அழைக்காமல் மேசையருகே வந்து நின்றான். மின்கம்பியை மட்டும் அழகாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.