தலைத்துணி

பெரியம்மா போன் செய்தபோது இரவு மணி 10.45. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அம்மா பதறிக்கொண்டு எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லக்கா... அப்படியெல்லாம் ஒன்னும் இல்லக்கா..."

அன்று மாலை வாட்ஸ்அப்பில் நான் போட்ட படம்தான் காரணம். கழுத்துவரை மூடிய சாம்பல் நிற பாஜு கூரோங். தலையில் நானே தைத்த பாத்தேக் ஹெட்பேண்ட், நெற்றி மேட்டிலிருந்து உச்சிவரை அகலமாக. மிச்ச முடியைச் சுருட்டி உள்ளே செருகியிருந்தேன். பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி. "உன் மவ மாறிட்டாளா?"

எதிலிருந்து எதற்கு என்று இந்த நாட்டுத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

பாக்கார் ஆராங் என்றால் கரி சுடுவது. இப்போது இங்கே யாரும் கரி சுடுவதில்லை. சுங்கைப்பட்டாணியின் தொழிற்பேட்டையும் தாமான் வீடுகளும்தான் இருக்கின்றன. பகலில் நான் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். இரவில் அம்மாவின் பழைய தையல் மெஷினில் ஹெட்பேண்ட் தைப்பேன். வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு. ஒன்று 15 வெள்ளி.

துணி தேடுவதுதான் பாதி வேலை. கிளந்தான், திரங்கானு பக்கம் உலோக அச்சை உருகிய மெழுகில் தோய்த்து, துணியில் ஒற்றி, பிறகு சாயம் ஏற்றுவார்கள். அந்த பாத்தேக்கில் இரண்டு பக்கமும் நிறம் இருக்கும். மெஷினில் அச்சடித்த மலிவுத் துணியைத் திருப்பினால் வெளுத்துக் கிடக்கும். என் ஹெட்பேண்டில் முன்பக்கம் ஒரு முறுக்கு வரும். முறுக்கினால் உள்பக்கம் வெளியே தெரியும். அதனால் பாசார் மாலாமில் எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். கடைக்கார மாக்சிக்குகளுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

பாத்தேக் கைலியில் ஒரு பகுதி மட்டும் வேறு மாதிரிப் பூவோடு பட்டையாக இருக்கும். அதற்கு மலாயில் கெப்பாலா என்று பெயர். அதாவது தலை. இடுப்பில் கட்டும் துணிக்கு ஒரு தலை இருக்கிறது, அதை வெட்டித்தான் நான் தலைக்குத் தைக்கிறேன் என்பது எனக்கு ரொம்ப நாள் வேடிக்கையாக இருந்தது. உடை ஒற்றை நிறமாக இருந்தால் கெப்பாலாவின் பெரிய பூ எடுபடும். உடையிலேயே பூ நிறைந்திருந்தால் தலைக்கு வெறும் கோடுதான் சரி. கழுத்து உயர்ந்த சட்டைக்கு அகலப் பட்டை போட்டால் முகம் நடுவில் நசுங்கிவிடும். மூன்று விரல் அகலம் போதும். சுடிதாருக்கு, துப்பட்டாவின் முக்கிய நிறத்தையே தலைக்கும் எடுத்தால் பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி ஆகிவிடும். ஓரத்தில் ஒளிந்துகொண்டிருக்கும் நிறம் ஒன்று இருக்கும், அதைப் பிடிக்க வேண்டும்.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலாய்த் தோழிகள். ஷிபான் ஷால் தலையில் நிற்காமல் வழுக்கும். உள்ளே பருத்திப் பட்டை இருந்தால் பிடித்துக்கொள்ளும். நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலம் மட்டும் பூ தெரியும்படி விடுவார்கள், அவ்வளவு அழகாக இருக்கும். அலோர் ஸ்டாரில் பிறந்த பாடகி யூனா தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டுவாரே, அதைக் காட்டி அந்த மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் போட்டால் ஃபேஷன். நான் போட்டால் வீட்டுக்குப் போன் வருகிறது.

பெரியம்மாவை நான் கிண்டல் செய்ய மாட்டேன். மதம் மாறினால் திருமணம், பிள்ளைகள், இறந்தபின் உடல்வரைக்கும் சட்டம் வேறாகிவிடும் நாடு இது. 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியிருந்தார் என்று சொல்லப்பட்டது. உடலைக் கேட்டு மனைவி நீதிமன்றம் போனார். இதில் தனக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியை வாசித்தவர்கள் அம்மாவும் பெரியம்மாவும். ஒரு முழம் துணியைப் பார்த்து அவர்கள் பயப்படுவதை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் எனக்கு வலித்தது பெரியம்மா கேட்டதில் இல்லை. மறுநாள் காலையில் பாட்டி சொன்னதில்.

பாட்டிக்கு மதமெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. போனில் இருந்த படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "என்னாடி இது, பால் வெட்டப் போற பொம்பள மாதிரி. இந்தத் துணிய அவுக்கத்தானே ஒங்கம்மாள ஃபேக்டரிக்கு அனுப்புனேன்."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அங்க மட்டும் என்னாவாம்? தலையில இருந்து கால்வரைக்கும் வெள்ள உறை. கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். ஒரு முடி விழுந்தாக்கூட சூப்பர்வைசர் கத்துவான்." 22 வருடம் அப்படித் தலையை மூடி ஷிப்ட் பார்த்தவர் அவர். பாட்டி பதில் பேசவில்லை.

பாட்டி பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் 14 வயதில் உளி பிடித்தவர். விடியும் முன்னே எழுந்து கைலி கட்டி, மேலே தாத்தாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். பழைய கைலியில் கிழித்த ஒரு துண்டைத் தலையில் கட்டி, அதன்மேல் விளக்கு. கொசுவுக்கு, எறும்புக்கு, மரத்திலிருந்து சொட்டும் பனிக்கு அந்தத் துணி. எல்லாவற்றையும்விட பாலுக்கு. ரப்பர் பால் முடியில் பட்டுக் காய்ந்துவிட்டால் சீப்பு இறங்காது, முடியோடு வெட்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொரு காரணத்தை ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். "இருட்டுல தனியா நெரையில நிக்கிறவளுக்கு, கங்காணி கண்ணுக்கும் சேத்துத்தான் அந்தச் சட்டையும் துணியும்." அதற்குமேல் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

நான் 'மாடஸ்ட்' என்று தலைப்புப் போட்டு விற்கும் உடுப்பு கிட்டத்தட்ட அதேதான். நீளக் கை, கணுக்கால்வரை கைலி, மூடிய தலை.

தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபிறகு குடும்பம் பாக்கார் ஆராங்குக்கு வந்தது. வந்த வாரமே தலைத்துணிகளை எல்லாம் பாட்டி எரித்துவிட்டாராம். பேருந்தில் போகும்போது யாரும் 'தோட்டத்து ஆளு' என்று கண்டுபிடிக்கக் கூடாது.

பாட்டியின் பேச்சு மனசில் கிடந்ததால் தலைத்துணிகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மிரோ ஓர் ஆணை போட்டிருக்கிறார். அடிமையல்லாத கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அவர்களின் அலங்காரம் வெள்ளைக்காரப் பெண்களுக்குப் போட்டியாக இருந்ததாம். அவமானப்படுத்தச் சொன்ன துணியை அந்தப் பெண்கள் பளிச்சென்ற நிறங்களில் உயர உயரக் கட்டி, அதையே அழகாக்கிவிட்டார்கள். அவர்கள் கட்டியதில் மெட்ராஸ் என்று பெயர்பெற்ற கட்டம்போட்ட பருத்தியும் உண்டு. நம் கரையிலிருந்து போன துணி. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றைக்கும் விழா உடைக்குத் தலையில் அதுதான். இங்கே மலாய்க்காரர்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குக் காயின் பெலிக்காட் என்று பேர். பெலிக்காட் என்பது பழவேற்காடு.

இதையெல்லாம் பாட்டியிடம் உற்சாகமாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவளுங்களுக்குப் பாலு ஒட்டியிருக்காது" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுக்கச் சொன்னார். அடையாள அட்டை நகல்கள், தாத்தாவின் படம், எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு துணி. பழுப்பேறிய பாத்தேக். ஓரத்தில் கறுத்து இறுகிப்போன பால் கறை, நகத்தால் சுரண்டினாலும் போகாது. எல்லாவற்றையும் எரித்ததாகத்தானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

"ஒக்காரு. நீ தைக்கிறது நிக்காது. எலாஸ்டிக்கு வேர்த்தா தளந்துரும்."

துணியை நெற்றியில் வைத்து, காதுக்கு மேலே இழுத்து, பிடரியில் குறுக்காகப் போட்டு முன்னே கொண்டுவந்து, மறுபடி பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். கரண்டி பிடிக்கும்போதுகூட நடுங்கும் விரல்கள். முடிச்சு விழுந்ததை நான் பார்க்கவே இல்லை, இறுக்கம் மட்டும் தெரிந்தது. தலையை உதறிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. அம்மா வாசற்படியில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். அப்போது வெளியே கேட் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கும். பாட்டி ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்து, துணியைத் தலையணைக்கு அடியில் திணித்தார். உள்ளங்கையால் என் முடியை இரண்டு பக்கமும் அழுத்தி வாரிவிட்டார்.

"பொட்டு கலைஞ்சிருக்கு பாரு. சரி பண்ணிக்கிட்டு வெளிய போ."