டிராவும் டையும்

டெஸ்ட் கிரிக்கெட்டில் டிரா வேறு, டை வேறு. கடைசியாக மட்டை பிடித்த அணி ஆல் அவுட் ஆகி, ரெண்டு பக்கமும் ஓட்டங்கள் சமமாக இருந்தால்தான் டை. 1986ல் சென்னை சேப்பாக்கத்தில் அதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவை ஜெயிக்க 348 வேண்டும். இந்தியா 347க்கு ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் டை ஆன ஆட்டங்கள் ரெண்டே ரெண்டு. இன்னொன்று 1960ல் பிரிஸ்பேனில்.

டிராவுக்குக் கணக்கு சமமாக வேண்டியதில்லை. 1939ல் டர்பனில் நடந்தது நாள் வரம்பே இல்லாத ஆட்டம். இங்கிலாந்துக்கு இலக்கு 696. 5 விக்கெட்டுக்கு 654 எடுத்தாயிற்று, இன்னும் 42தான். ஆனால் ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டும். பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். டிரா.

ஆங்கிலத்தில் இரண்டுமே பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தமிழுக்கு வந்ததும் வெறும் பெயர்கள். வினைக்கு நாம்தான் ஏதாவது ஒட்ட வேண்டும். அங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. டை எப்பவும் 'ஆச்சு'தான். டிராவை மட்டும் 'பண்ணிட்டானுங்க' என்றும் சொல்வோம். டைக்காக யாரும் திட்டம் போட்டு ஆடுவதில்லை. டிராவுக்காக ஆடலாம். கட்டை போட்டு, நேரத்தைக் கடத்தி.

எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல், மலாய் 'செரி'. நம் பேச்சுத் தமிழ் 'செரி' மாதிரியே காதில் விழும். அப்பா ரெண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறார். எனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா இல்லாத வீட்டில் அவர் மட்டும். "நீங்களும் வாங்கப்பா" என்பேன். "நான் எங்கடா வர்றது?" என்பார். நான் சம்பளக் கணக்கு சொல்வேன், அவர் வீட்டுக்கடன் கணக்கு சொல்வார். கடைசியில், "செரி, விடு."

சமமாகி முடிந்த பேச்சு இல்லை அது. 42 ஓட்டம் பாக்கி இருக்கிறது. அவர் கேட்க நினைத்த ஒன்றும், நான் சொல்ல வேண்டிய ஒன்றும் அதில் இருக்கின்றன. ரெண்டு பேருமே கட்டை போடுகிறோம்.

கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள். டர்பனில் கப்பல் காத்திருக்கவில்லை. இன்று ராத்திரி சாப்பிட்டதும் அவர் 'செரி' சொல்வதற்கு முன்னால் நான் கேட்டாக வேண்டும்: "நான் போறதுல உங்களுக்கு என்னப்பா பயம்?"