பெட்ரோல் வாசமும் எங்க அத்தையின் மூக்கும்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கார் என்றால் உயிர். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது கூடவே பிறக்கும் வியாதி போலிருக்கிறது. கரிவர்தன் என்பவர் மாருதி 800 எஞ்ஜினை வைத்துப் பந்தயக் காரே கட்டிய ஊர் இது. அவர் பேரில்தான் செட்டிபாளையத்தில் பந்தய மைதானம் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். அதனால், இவர் ஒரு நாள் அதே 2005 மாடல் டர்போ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. "எத்தனை பேர் உட்காரலாமுங்க?" என்று மட்டும் கேட்டேன்.

டர்போ என்றால் ஒன்றுமில்லை, நம் ஊதுகுழல் சமாசாரந்தான். எஞ்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றலில் இன்னொரு சக்கரம் சுழன்று, எஞ்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும்; வண்டி பறக்கும். ஆனால் அந்த டர்போ அடுப்புக் கங்கு மாதிரி கொதிக்கும். பக்கத்தில் இருக்கிற ரப்பர் எல்லாம் வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் வேகும்.

வண்டி வந்து இரண்டு மாசத்தில் எங்கள் அத்தை ஆரம்பித்துவிட்டார். "அம்மிணி, போர்ட்டிகோவுல பெட்ரோல் வாசம் அடிக்குது."

இவர் சிரித்தார். "பழைய வண்டின்னா அப்படித்தானம்மா."

அத்தை பெருங்காயத்தை முகர்ந்தே நல்லது கெட்டது சொல்லுகிறவர். விடுவாரா? ஒரு வாரம் கவனித்துவிட்டு அடுத்த சேதியைச் சொன்னார். "டேங்கு நெறையப் போட்டுட்டு வர்ற அன்னிக்குத்தாண்டா வருது. பாதி காலியானா நின்னுருது."

அதற்குள் கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. போர்ட்டிகோத் தரையில் வரிசையாக அகல் ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, சமையல் கேஸ் மாதிரியே. மேலே பறந்து போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து எங்கே நெருப்பிருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். இதை நினைத்ததும் எனக்கு வெசனம் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் கார் தெருவில் நின்றது, விளக்கு உள்ளே எரிந்தது.

தீபம் முடிந்ததும் முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். பேர் வேண்டாம். பானெட்டுக்குள் வெடித்திருந்த ஒரே ஒரு துண்டு ட்யூபை மட்டும் வெட்டி மாற்றி, "முடிஞ்சுதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டேங்க் நிறைத்த மறுநாளே வாசம் திரும்ப வந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. "தை மாசம் பழனிக்குப் போறதுக்குப் பஸ்ஸுல டிக்கெட் போட்டுரு. எம் பேரனை இதுல ஏத்த மாட்டேன்" என்றதோடு சரி. பையனுக்கு மொட்டை போடுகிற வேண்டுதல் அது.

அப்புறம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனோம், இந்தத் தடவை நானும் கூடவே. அவர் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின் சீட்டைத் தூக்கினார். அடியில் வட்டமாக ஒரு மூடி. அதைக் கழற்றியதும் குப்பென்று அடித்தது பாருங்கள்! "அம்மிணி, இங்க வந்து பாருங்க" என்றார். டேங்கின் தலைமாட்டில் பம்ப். அதிலிருந்து புறப்படுகிற ட்யூபில் முதலைத் தோல் மாதிரி வெடிப்பு. டேங்க் நிறைந்தால் அந்த இடம் வரை பெட்ரோல் ஏறிக் கசிகிறது. அத்தை சொன்ன கணக்கு அப்படியே சரி. நேர் மேலேதான் எங்கள் பையனின் குழந்தை சீட் மாட்டியிருந்தது.

நெருப்பு மட்டுமல்ல பயம். பெட்ரோலில் பென்சீன் என்கிற பொருள் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான ஒன்று. ஜன்னலை ஏற்றி ஏ.ஸி. போட்ட காருக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் சுவாசிப்பது எந்த டாக்டரும் ஒப்புக்கொள்கிற காரியமில்லை. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்களுக்கும் ஆகாது.

"ஒண்ண மாத்தி ஒண்ண விட்டா பிரயோஜனமில்லீங்க. எல்லாம் ஒரே வயசு" என்றார் பெரியவர். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. போகிற லைன், திரும்பி வருகிற லைன், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாய், ஆவி போகிற குழாய், ஃபில்டர், கிளாம்ப் எல்லாம் ஒரே தடவையில்.

எந்த ட்யூப் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் பெட்ரோலுக்கு அழுத்தம் ரொம்பக் குறைவு. இந்த மாதிரி இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் 40 பவுண்டுக்கு மேல். டயரில் நாம் பிடிக்கிற காற்றே 30, 32 தானே! ஊசி முனைத் துளை விழுந்தாலும் சென்ட் பாட்டில் மாதிரிப் பீய்ச்சும், அதுவும் கொதிக்கிற டர்போவின் மேல். அதனால் ட்யூபின் மேலேயே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்க வேண்டும். 'ஆர்7' என்றிருந்தால் குறைந்த அழுத்தத்துக்கு. 'ஆர்9' என்றால் இஞ்ஜெக்‌ஷனுக்கு. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கு 'ஆர்10', ஏனென்றால் அது உள்ளேயும் வெளியேயும் நனைகிறது. திருகு கிளாம்ப் ரப்பரை அறுக்கும் என்று விளிம்பு மழமழவென்றிருக்கிற கிளாம்ப்பாகப் போட்டார்.

இன்னொன்றும் சொன்னார். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது இல்லையா, 2005 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. சிலது ஊறும், சிலது வறண்டு வெடிக்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. (எத்தனால் கரும்பிலிருந்தும் வருகிறது. 1912-லிருந்து கரும்பு ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற ஊர்க்காரி நான், எத்தனாலைக் குறை சொல்ல மாட்டேன். ரப்பரைத்தான் மாற்ற வேண்டும்.)

வேலை நடந்த விதத்தையும் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஆறிய வண்டி, திறந்த வெளி. பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்ஜின் தானாக அணைகிற வரை ஓடவிட்டு லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கினார். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றினார். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் தயாராக இருந்தது. பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் மிதந்து பரவும். பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த ஆளுக்கு நல்ல திட்டு. செலவு, என் நகைச்சீட்டு இரண்டு தவணை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படி கேஸ் ட்யூபைப் பார்த்தேன். அந்த ஆரஞ்சு ட்யூபுக்கு ஆயுசு 5 வருஷம். வருஷம் அதிலேயே அச்சடித்திருக்கும். எங்களுடையதற்கு இன்னும் 4 மாசம் பாக்கி. கையோடு மாற்றச் சொல்லிவிட்டேன்.

டேங்கை விளிம்பு வரை நிறைத்து, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ராத்திரி பூராவும் நிறுத்தினோம். காலையில் அத்தை காப்பிகூடக் குடிக்காமல் வந்து, கதவைத் திறந்து, பின் சீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இவர் வாசற்படியில் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"செரி, பஸ்ஸு டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரு" என்றார் அத்தை.