கிழவர் வேடமிட்ட சிநேகிதன்



வாரத் தியானத்தில் ஒரு போதகர் திரைப்படத்தைப் பற்றி எழுதுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே சுளித்திருப்பேன். என் தகப்பனார் உபதேசியாராக ஊழியம் செய்தவர். சினிமாக் கொட்டகை பரியாசக்காரர் கூடுமிடம் என்பது அவருடைய தீர்ப்பு. எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை.

சென்ற மாதம் உப்பளப் பக்கம் வீடு சந்திப்புக்குச் சென்றிருந்தேன். கால் முறிந்து படுக்கையில் இருக்கும் நம் சபைத் தாயார் ஒருவர் தொலைக்காட்சியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வேதப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, "உட்காருங்க ஐயா, இந்த எடம் முடியட்டும், அப்புறம் ஜெபம் பண்ணலாம்" என்றார். பல வாரங்களாக அவர் முகத்தில் நான் காணாத சிரிப்பு அது. ஆகவே அமர்ந்தேன். ஓடிக்கொண்டிருந்த படம் "காதலிக்க நேரமில்லை".

1964ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. இயக்குநர் ஸ்ரீதர் அதற்கு முன் 1959இல் "கல்யாண பரிசு", 1962இல் "நெஞ்சில் ஓர் ஆலயம்" எனக் கண்ணீர்க் கதைகளால் பெயர் பெற்றவர். அவரே சித்ராலயா கோபுவுடன் சேர்ந்து, ஆழியாறு அணைப் பக்கத்துப் பசுமையை வண்ணத்தில் காட்டி, தொடக்கம் முதல் இறுதி வரை சிரிக்கவைக்கும் ஒரு கதையைச் செய்தார். நாகேஷ் தம் தகப்பனாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அறியாத தமிழர் அரிது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாலையா பயந்து நடுங்கும்போது ஒரு படுக்கை நோயாளி தம் வலியை மறக்கிறார். இதை அற்பமென்று எண்ண எனக்கு இப்போது மனம் வரவில்லை.

ஆனால் அன்று நான் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்தப் படத்தை நான் அன்றுதான் முதன்முறையாகக் கண்ணால் கண்டேன். எனினும் கதை முழுவதும் எனக்கு முன்பே தெரியும். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழராக இருந்தவர், திரையரங்குக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் செய்த எனக்கு, இரவில் விளக்கணைந்தபின் படங்களைக் கதையாகச் சொல்லுவார். நாகேஷாகவும் அவரே பேசுவார், பாலையாவாகவும் அவரே நடுங்குவார். திரையில் ஒலித்த குரல்களுக்குள் நான் அந்த ஒரு குரலையே கேட்டேன். அந்தக் குரலைக் கேட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ஏழை இளைஞன் அசோக், செல்வந்தரின் மகளை நேசிக்கிறான். தான் ஒரு கோடீசுவரரின் மகன் என்று பெண்ணின் தகப்பனிடம் பொய் சொல்லிவிடுகிறான். இப்போது காட்டுவதற்கு ஒரு தகப்பன் வேண்டும். சிநேகிதன் வாசுவை அழைக்கிறான். முத்துராமன் ஏற்ற வேடம் இது. இளைஞனாகிய வாசு கிழவர் வேடமிட்டு, இருமிக்கொண்டு, சிநேகிதனுக்குத் தகப்பனாக வந்து நிற்கிறான். வந்த இடத்தில்தான் அவனுக்குத் தெரிகிறது: தான் நேசிக்கும் பெண்ணும் அதே வீட்டின் மகள். சிநேகிதனுக்காகப் போட்ட வேடம் அவனுடைய சொந்தக் காதலுக்கே குறுக்கே நிற்கிறது. நாம் சிரிக்கிறோம்; ஆனால் அங்கே விலை கொடுப்பவன் சிநேகிதன்.

பெயரில் காதல் இருந்தாலும், அந்தப் படத்தைத் தாங்கி நிற்பது சிநேகம் என்றே எனக்குத் தோன்றியது. காதலர்கள் தங்களுக்கானதைத் தேடுகிறார்கள். வாசு பிறருக்கானதைத் தேடிப் போய் அகப்பட்டுக்கொள்கிறான்.

பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. வேதத்திலும் வேடம் உண்டு. யாக்கோபு ஆட்டுத்தோலைக் கைகளில் போர்த்தி, பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றினான். பின்னர் லாபான் வீட்டில் தானும் ஏமாந்தான். ஆனால் யோனத்தானை நினைத்துப் பாருங்கள். அவன் தன் சால்வையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான். தன் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கொடுத்தான். கோபம் கொண்ட சவுலின் பந்தியில் சிநேகிதனுக்காகச் சாக்குச் சொல்லி, தகப்பன் எறிந்த ஈட்டிக்கும் தப்பவேண்டியதாயிற்று. அரச உடைக்கு உரியவன் அதைக் களைந்து நின்றான். ஒருவன் எடுத்துக்கொள்ள வேடமிட்டான். மற்றவன் கொடுப்பதற்காகத் தன்னுடையதைக் களைந்தான். இந்த வேறுபாட்டைப் பிரசங்க மேடையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். வாழ்ந்து காட்டினேனா என்பதே கேள்வி.

1995இல் எனக்குப் பெண் பார்த்தபோது என் தகப்பனார் உயிரோடு இல்லை. பெண் வீட்டார் முன் எனக்காகப் பேசப் பெரியவர் எவரும் இல்லை. அந்த அறைத்தோழர்தான் வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவே. வேட்டி கட்டி, தாம்பூலத் தட்டைக் கையில் ஏந்தி, என் தகப்பன் அமரவேண்டிய இடத்தில் அமர்ந்து எனக்காகப் பேசினார். திரும்பும் வழியில் பேருந்தில், "நமக்கு இருமல் மட்டும்தான் வரலை" என்று சொல்லிச் சிரித்தார். எந்தக் காட்சியைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

2016இல் அவருடைய மகள் வேறு மார்க்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரை மணக்க விரும்பினாள். சபை ஒழுங்கின்படி அந்தத் திருமணத்தை ஆலயத்தில் நடத்த என்னால் இயலாது. அதைச் சொல்வது என் கடமையாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. "நீ வந்து ஒரு ஓரமா உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போ, அது போதும்" என்றார். நான் செல்லவில்லை. செல்லாதது மட்டுமன்றி, வேத வசனங்கள் நிறைந்த நீண்ட கடிதம் ஒன்றும் எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு வசனமும் பிழையன்று. ஆயினும் கடிதம் முழுவதும் பிழை.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் கரையைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தென்னையும் மாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாட்கள் அவை. அப்போது நாகப்பட்டினம் பக்கம் நான் இருந்த குருமனையில் ஒரு மாலை இரண்டு மூட்டை அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்திகளும் வந்து இறங்கின. கொண்டுவந்த இளைஞர் அனுப்பியவரின் பெயரைச் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து அறிந்தேன், அனுப்பியவர் அவரே. கொண்டுவந்தவர் அவருடைய மருமகன். எவருடைய திருமணப் பந்தியில் நான் அமர மறுத்தேனோ, அவருடைய கையால் வந்த அரிசியை என் வீட்டாரும் சபையாரும் உண்டிருந்தோம். அறிந்த பின்னும் நான் நன்றி சொல்லவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பெருமை.

அந்தத் தாயாரின் வீட்டில் ஜெபித்துவிட்டு வெளியே வந்தபோது என் மனம் தீர்மானித்துவிட்டது. மறுநாள் திருத்துறைப்பூண்டி வழியாக மன்னார்குடிக்குப் பேருந்து ஏறினேன். வழிநெடுகச் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லாததை எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே சென்றேன்.

கதவைத் திறந்த அவருடைய துணைவியார் ஒரு கணம் திகைத்து, "வாங்கண்ணே" என்றார். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. இப்போது வேடம் தேவையில்லை. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வா. கதை கேக்க வந்தியா?" என்றார்.

ஒத்திகை பார்த்தவை எல்லாம் மறந்துபோயின. மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "எங்கிட்ட நீ கேக்கவேண்டாம். அவகிட்ட கேளு. கல்யாணத்தன்னைக்கு மாமா வரலையான்னு மூணு தடவை கேட்டா."

அவள் கோயம்புத்தூரில் வசிக்கிறாள். அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இம்முறை வசனங்கள் எதுவும் எழுதவில்லை. மூன்று வாரங்கள் ஆகின்றன. பதில் இன்னும் வரவில்லை. பதில் தரவேண்டிய கடமை அவளுக்கு இல்லை என்பதையும் நான் அறிவேன்.

பிரியமானவர்களே, நம்முடைய ஆண்டவர் தம் முதல் அற்புதத்தைக் கானாவூர்க் கலியாண வீட்டில் செய்தார் என்று அடிக்கடி பேசுகிறோம். அற்புதத்துக்கு முன்பே அவர் செய்த ஒன்று உண்டு. அழைத்தார்கள், அவர் போனார். பந்தியில் மற்றவர்களோடு அமர்ந்தார். ஆயக்காரரோடும் அவ்வாறே அமர்ந்தார், அதற்காகப் பழிச்சொல்லும் கேட்டார். தம் சீஷர்களை ஊழியக்காரர் என்றல்ல, சிநேகிதர் என்று அழைத்தவர், அந்தச் சொல்லின் விலையைச் சிலுவையில் செலுத்தினார். நம் மனித உருவை ஏற்று வந்ததும் நமக்காகவே. அது வேடமுமன்று, உண்மையாகவே நம்மில் ஒருவரானார்.

நேரமில்லை என்பது அந்தப் படத்தின் பெயரில் வேடிக்கை. நம் வாழ்வில் அது வேடிக்கையன்று. உங்களுக்காக ஒருநாள் தகப்பன் இடத்தில் வந்து அமர்ந்த சிநேகிதர் ஒருவர் எங்கேனும் இருப்பார். இந்த வாரம் அவருடைய வீட்டுக்குச் செல்லுங்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டாலும் செல்லுங்கள். எனக்காகவும், கோயம்புத்தூரில் இருக்கும் அந்த மகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய கிருபை உங்களோடிருப்பதாக. ஆமென்.