இடக்கரடக்கல்

நன்னூல் நடத்தும்போது இடக்கரடக்கல் வந்தால் வகுப்பு சிரிக்கும். சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது வழக்கமான எடுத்துக்காட்டு. ‘வந்தாள்’ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், மாணவிகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்திக்கு 59 வயது. மாதவிலக்கு நின்று எட்டு வருடமாகியும் இரத்தசோகை தீரவில்லை. “பொம்பளைங்களுக்கு இது சகஜம்” என்று ஒரு மருத்துவர் ஒன்றரை வருடம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரத்தம் எங்கே போகிறது என்று அவர் கேட்கவே இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்தக் கூட்டத்தில் குடலில் கசியும் இரத்தத்தை யார் தேடப்போகிறார்கள்?

தில்லைநகரில் வேறொரு மருத்துவர்தான் மலத்தைச் சோதிக்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் இருந்தாலும், மனித ஹீமோகுளோபினை எதிர்ப்பொருள் கொண்டு கண்டுபிடித்துவிடும் சோதனை. பழைய குவாயக் சோதனைக்கு முன்னால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை நிறுத்த வேண்டும். இதற்குப் பத்தியம் இல்லை. மாதவிலக்கு நாட்களில் மட்டும் எடுக்கக் கூடாது.

சித்தி மாமியாருக்கு நாலு வருடம் பெட்பேன் வைத்து எடுத்தவள். தன்னுடையதை டப்பாவில் எடுக்க மூன்று நாள் ஆயிற்று. மடி பார்க்கும் தெருக்கள். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் கொல்லைச் சந்து வழியாக வந்து வாரிச் சென்ற பெண்களின் சாதி இங்கே எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாது.

மூன்று கவர் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக் காவிரிப் பாலம் தாண்டினாள்.

“யாராவது என்னன்னு கேட்டா?”

“நெல்லிக்காய் ஊறுகாய்னு சொல்லு சித்தி.”

ஜப்பானில் 1992 முதல் 40 வயதானவர்களுக்கு இந்தச் சோதனை உண்டு. இங்கிலாந்தில் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். நம் அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் இருக்கின்றன, பெருங்குடல் இல்லை. இங்கே இந்நோய் மேற்கைவிடக் குறைவு, எல்லோருக்கும் செய்தால் வீண்செலவு என்பார்கள். இருக்கட்டும். காரணம் தெரியாத இரத்தசோகையோடு வருகிற பெண்ணிடமாவது கேட்கலாமே.

சோதனையில் இரத்தம் இருந்தது. அதனாலேயே புற்று என்று ஆகாது, உள்ளே பார்க்க வேண்டும். கொலோனோஸ்கோபியில் ஒரு பெரிய பாலிப் தெரிந்தது, அப்போதே அறுத்தெடுத்தார்கள். புற்றாக மாறியிருக்கவில்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது சித்தி எதிர்வீட்டு அக்காவிடம், “வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா?” என்று வாசலிலேயே கேட்கிறாள். அந்த அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மறுவாரம் அவர் மகள் எனக்குப் போன் செய்து, அந்த டப்பா எங்கே கிடைக்கும் என்றாள். அம்மாவுக்குக் கண்ணுக்குத் தெரிந்தே இரத்தம் போகிறதாம், மூலம் என்று இருந்துவிட்டார்களாம். அதற்கு டப்பா போதாது, நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போ என்றேன்.